துப்பாக்கி கடைசியில்தான் வரும்

கேள்வி இதுதான்: “ராணுவச் சிறப்புப் படைகளுக்கான ஆயுதங்களையும் உபகரணங்களையும் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? டேவோர், எம்4, ஏகே ரைபிள்கள் மூன்றில் எது சிறந்தது?”

இரண்டாவது பாதிக்கு இப்போதே பதில் சொன்னால் சப்பென்று போய்விடும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

எந்தத் துப்பாக்கி பெரியது என்று டீக்கடையில் தொடங்கி யூடியூப் வரைக்கும் நம் ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு குழு கிளம்பும் முன் போடுகிற கணக்கில் துப்பாக்கி முதல் வரியில் இருக்காது. எங்கே போகிறோம், எதில் போகிறோம், எத்தனை நாள், திரும்புவது எப்படி, மாட்டிக்கொண்டால் யாரை எதில் கூப்பிடுவது என்பதெல்லாம் முடிவான பிறகு, எந்தத் துப்பாக்கி என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது எடை. 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு தடவை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க மலை ஏறி, விடியும் நேரத்தில் கை நடுங்காமல் குறி பார்க்க வேண்டும். தோட்டாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5.56 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். 7.62 நேட்டோ தோட்டா அதைப்போல இரண்டு மடங்கு. எம்4 ரைபிளில் மாட்டும் 30 தோட்டாப் பெட்டி, அதாவது மேகசின், நிரம்பியிருந்தால் அரை கிலோ. 7 மேகசின் கட்டினால் 210 தோட்டா, மூன்றரை கிலோ. அதே 210 தோட்டாவை 7.62-இல் கொண்டுபோனால் 7 கிலோவைத் தாண்டிவிடும். வித்தியாசம் மூன்றரை லிட்டர் தண்ணீர். பாலைவனத்தில் இது தத்துவ விசாரம் கிடையாது. ஒன்றை எடுத்து வைத்தால் இன்னொன்றை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவுக்கு மீறி எடுத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1991 வளைகுடாப் போரில் ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையிலிருந்து 8 பேர் கொண்ட ஒரு குழு, பிராவோ டூ ஜீரோ என்ற அழைப்புக்குறியோடு, ஜனவரி மாதம் வடமேற்கு ஈராக்கில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டது. வண்டி வேண்டாம், நடந்தே போகிறோம் என்று முடிவெடுத்தார்கள். ஆளுக்கு 90 கிலோவுக்கு மேல் சுமை என்பது திரும்பி வந்தவர்கள் சொன்ன கணக்கு. ஒரே நடையில் அவ்வளவையும் தூக்க முடியாது. கொஞ்சத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மிச்சத்தை எடுக்கத் திரும்பி வர வேண்டும். இவ்வளவு சுமந்தும் இரண்டு விஷயங்கள் காலை வாரின. கொடுக்கப்பட்டிருந்த வயர்லெஸ் அலைவரிசைகள் தவறானவை. தளத்தோடு பேச முடியவில்லை. பாலைவனம் என்று நினைத்துக் கொண்டுபோன உடைகள், அந்த வருடம் அங்கே விழுந்த பனிக்குத் தாங்கவில்லை. 8 பேரில் 3 பேர் இறந்தார்கள்; அதில் இருவரைக் கொன்றது குளிர். 4 பேர் பிடிபட்டார்கள். ஒருவர் மட்டும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து சிரியாவுக்குள் தப்பினார். அவர்களிடம் இருந்த ரைபிளையோ இயந்திரத் துப்பாக்கியையோ பற்றி யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர் எதிரானது இரண்டு வருடம் கழித்து, 1993 அக்டோபர் 3, சோமாலியாவின் மொகதிசு. அமெரிக்க ரேஞ்சர்களும் டெல்டா படையினரும் பட்டப்பகலில் கிளம்பினார்கள். ஒரு மணி நேர வேலை, எதிரித் தலைவரின் ஆட்களைப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது திட்டம். அதனால் பல ரேஞ்சர்கள் நைட் விஷன் கருவியைத் தளத்திலேயே வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குடுவையையும் சிலர் எடுக்கவில்லை. இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒரு மணி நேர வேலை மறுநாள் காலை வரை இழுத்தது. 18 அமெரிக்கர்கள் இறந்தார்கள். இருட்டில் பார்க்க முடியும் என்பதுதான் எதிரியை விட அவர்களுக்கு இருந்த மிகப் பெரிய பலம். அது அலமாரியில் இருந்தது.

அப்படியானால் எடுப்பதா, விடுவதா? சூத்திரம் எதுவும் இல்லை. நான் படித்தவரையில் தேறின குழுக்கள் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இது எந்த நேரத்தில், எப்படிக் கைவிடும்? அப்போது என் கையில் மிச்சம் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியின் அருமை 2001 ஆப்கானிஸ்தானில் தெரியும். அந்த அக்டோபரில் ஓ.டி.ஏ. 595 என்ற 12 பேர் கொண்ட அமெரிக்கச் சிறப்புப் படைக் குழு, வடக்கே தாலிபான்களை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் தோஸ்தும் ஆட்களோடு போய்ச் சேர்ந்தது. மலைப்பாதையில் வண்டி போகாது. குதிரை மேல் போனார்கள், அதுவும் உட்கார்ந்தால் தொடை தேயும் மரச் சேணத்தில். ஆனால் குதிரைமேல் இருந்தவரிடம் வயர்லெஸ்ஸும், இலக்கைக் குறித்துக் காட்டும் லேசர் கருவியும் இருந்தன. வானத்தில் பி-52 குண்டுவீச்சு விமானம் இருந்தது. நவம்பர் இரண்டாவது வாரத்திற்குள் மசார்-இ-ஷரீஃப் நகரம் விழுந்தது. இந்த 12 பேரின் கையில் என்ன ரைபிள் இருந்தது என்பதால் ஏதாவது மாறியிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

அதே போரில் டிசம்பர் 5 அன்று கந்தஹாருக்கு வடக்கே நடந்தது வேறு கதை. விமானத்துக்கு இலக்குச் சொல்லும் பொறுப்பில் இருந்தவர், கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் எதிரி இருக்குமிடத்தின் ஆயக்கூறுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, கணக்கிட்டு எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்தது. மாற்றினார். கருவி மறுபடி உயிர்பெற்றதும் திரையில் எண்கள் தெரிந்தன. அவற்றை விமானத்துக்குச் சொன்னார். பேட்டரியை மாற்றினால் அந்தக் கருவி பழைய கணக்கைக் காட்டாது, தான் நிற்கும் இடத்தைத்தான் காட்டும். பி-52 போட்ட சுமார் 900 கிலோ குண்டு அவர்கள் தலைமேலேயே விழுந்தது. 3 அமெரிக்க வீரர்களும் அவர்களோடு இருந்த ஆப்கானியர்கள் பலரும் இறந்தார்கள். பின்னாளில் அந்நாட்டின் அதிபரான ஹமீத் கர்சாய் பக்கத்தில்தான் இருந்தார், சிறு காயத்தோடு தப்பினார். கருவியில் பழுது ஏதும் இல்லை. எப்படி வடிவமைத்தார்களோ அப்படித்தான் வேலை செய்தது. களைத்துப்போன ஒருவர், சண்டைக்கு நடுவில், பேட்டரி மாற்றிய கையோடு என்ன நினைப்பார் என்று அதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை. உபகரணத் தேர்வு என்றால் என் மனதில் முதலில் வருவது இந்தச் சம்பவம்தான்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

வேலை எப்படி ஆயுதத்தை முடிவு செய்கிறது என்பதற்கு எம்.பி.5 என்ற சிறு இயந்திரத் துப்பாக்கி நல்ல உதாரணம். 1977 அக்டோபரில், கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்தை இதே மொகதிசுவில் ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி.9 சிறப்புப் படை மீட்டது. கூடவே எஸ்.ஏ.எஸ். ஆட்கள் இருவர், சத்தத்தாலும் வெளிச்சத்தாலும் திகைக்க வைக்கும் ஸ்டன் கிரனேடுகளோடு போயிருந்தார்கள். ஜெர்மானியர் கையில் இருந்த எம்.பி.5-ஐ அங்கே பார்த்தார்கள். எஸ்.ஏ.எஸ். அப்போது அறைச் சண்டைக்கு வைத்திருந்தது இங்ராம் மேக்-10. சின்னது, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுடக்கூடியது. ஆனால் அதில் விசையை அழுத்தினால் உள்ளே பின்னால் நிற்கும் போல்ட் என்ற கனமான உலோகத் துண்டு முன்னால் ஓடிவந்து தோட்டாவைத் தள்ளிச் சுடும். அந்த ஓட்டத்தில் துப்பாக்கி ஒரு குலுங்கு குலுங்கும். எம்.பி.5-இல் தோட்டா முன்பே அறைக்குள் அடைந்து, போல்ட் மூடியிருக்கும். அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் மட்டும் அசையும். முதல் குண்டு பார்த்த இடத்தில் போய் விழும். பணயக்கைதியின் தோளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவனைச் சுட வேண்டிய ஆளுக்கு, நிமிடத்துக்கு எத்தனை குண்டு என்பது பொருட்டே இல்லை. முதல் குண்டுதான் எல்லாம்.

1980 மே 5 அன்று லண்டனில் பணயக்கைதிகளை மீட்க ஈரான் தூதரகத்துக்குள் எஸ்.ஏ.எஸ். நுழைந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. கறுப்பு உடை, முகமூடி, கையில் எம்.பி.5. அன்றைக்கு அதை ஒரு ‘கமாண்டோ துப்பாக்கி’ ஆக்கியது அந்தக் காட்சிதான். அதே தாக்குதலில் கயிற்றில் இறங்கிய ஒருவர் பாதியில் சிக்கித் தொங்கினார். தீப்பிடித்த ஜன்னல் திரையில் அவர் கால் வெந்தது. இன்னொருவருடைய எம்.பி.5 சரியான நேரத்தில் சுடவில்லை. இடுப்பிலிருந்த பிரௌனிங் பிஸ்டலை உருவினார். இரண்டாவது ஆயுதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிறகு எம்.பி.5-இன் காலம் போனது. காரணம் துப்பாக்கி கெட்டுப்போனதல்ல, எதிரில் நிற்பவன் மாறிவிட்டான். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா குண்டு துளைக்காத அங்கியின் முன் நின்றுவிடும். அறையை விட்டுத் தெருவுக்கு வந்தால் நூறு மீட்டருக்கு அப்பால் அதற்கு வலுவில்லை. அதே நேரம் எம்4 வகைக் கார்பைன்களின் (நீளம் குறைந்த ரைபிள்கள்) குழல் குட்டையாகி, ஏறக்குறைய அதே நீளத்தில் ரைபிள் தோட்டாவைச் சுடும் வசதி வந்துவிட்டது. வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு துப்பாக்கி எதற்கு என்று பலரும் மாறிவிட்டார்கள்.

சைலன்சரைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. சினிமாவில் வரும் ‘புஸ்’ சத்தம் கார்பைனில் வராது. சத்தம் குறையும், முக்கியமாக எங்கிருந்து சுடுகிறார்கள் என்பது எதிரிக்கு எளிதில் பிடிபடாது. ஒலியை விட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்தக் குழாயும் அடக்காது. அதையும் அடக்க வேண்டுமென்றால் மெதுவாகப் போகும் தோட்டா வேண்டும்; மெதுவான தோட்டாவுக்கு வலு குறைவு. 1976-இல் எண்டெபி விமான நிலையத்தில் பணயக்கைதிகளை மீட்க இறங்கிய இஸ்ரேலியர்கள், மறித்த உகாண்டா காவலரைச் சைலன்சர் பூட்டிய .22 பிஸ்டலால் சுட்டார்கள். அவர் சாகவில்லை. அடுத்து வெடித்தது சைலன்சர் இல்லாத துப்பாக்கி; ரகசியம் அந்த நொடியோடு முடிந்தது. சோவியத் ஒன்றியம் இதற்கென்றே 9 மி.மீ.-இல் 16 கிராம் எடையுள்ள கனமான, மெதுவான குண்டை உருவாக்கி 1980களின் இறுதியில் வின்டோரெஸ் என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. நல்ல தீர்வுதான், ஆனால் 400 மீட்டருக்குள் வேலை முடிய வேண்டும்.

இனி, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி. அமெரிக்காவில் இதற்கான அமைப்பு ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1980 ஏப்ரலில் தெஹ்ரானில் இருந்த பணயக்கைதிகளை மீட்கப் போனபோது, கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் ஆர்.எச்-53டி ஹெலிகாப்டர்கள் 8-ஐ எடுத்துப் போனார்கள். விமானந்தாங்கிக் கப்பலுக்குள் மடித்து வைக்கலாம், தூரம் பறக்கும் என்பதால் அவை. பாலைவனத்தில் ராத்திரி தாழப் பறப்பதற்காக வந்தவை அல்ல. புழுதியிலும் பழுதிலும் 5 மட்டுமே மிஞ்சின. குறைந்தது 6 வேண்டும். திரும்பிவிடலாம் என்று கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சி-130 விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். அதன் பின்விளைவாக 1987-இல் எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் சேர்த்து சோகாம் என்ற தனித் தலைமையகம் வந்தது. அதன் உண்மையான பலம், சொந்தப் பட்ஜெட்டும் சொந்தமாகக் கொள்முதல் செய்யும் அதிகாரமும். மற்ற படைகள் வாங்கித் தருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சொந்தப் பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 1990களில் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்திடம் சொல்லிச் செய்து வாங்கிய எம்.கே.23 என்ற .45 பிஸ்டல் எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் வெறும் பிஸ்டலே 1.2 கிலோ. சைலன்சரும் லேசரும் பூட்டினால் இடுப்பில் கட்டுகிற பொருளாகவே இல்லை. அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படையினர் அன்றாடத்துக்குத் தங்கள் 9 மி.மீ. சிக் நிறுவனப் பிஸ்டலையே வைத்துக்கொண்டார்கள். 2004-இல் எஃப்.என். நிறுவனத்தின் ஸ்கார் ரைபிளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010-இல் அதன் 5.56 வடிவத்தை வாங்குவதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் எம்4-ஐ விடச் செலவுக்கேற்ற முன்னேற்றம் இல்லை என்பது காரணம். எம்4 செய்யாத வேலையைச் செய்யும் 7.62 வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கௌரவம் பார்க்காமல் எடுத்த நல்ல முடிவு அது. சோதனையில் பிடிபடாமல் தப்பிய குறையும் உண்டு: இயோடெக் ஹாலோகிராம் குறிபார்வைக் கருவியில் குளிரும் வெயிலும் மாறும்போது குறிப்புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நிறுவனம் 2015-இல் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

இந்தியாவில் தேவைப் பட்டியல், பாலைவனச் சோதனை, பனிமலைச் சோதனை, விலைப் பேச்சு என்று வருடங்கள் ஓடும். பட்டியலே எட்டாத உயரத்தில் இருப்பதும் உண்டு. 2011-இல் ராணுவம் 66,000 ரைபிள்களுக்கு டெண்டர் விட்டது. ஒரே துப்பாக்கி குழலை மாற்றினால் 5.56, மறுபடி மாற்றினால் ஏகேயின் 7.62 என்று இரண்டையும் சுட வேண்டும் என்பது நிபந்தனை. எதுவும் தேறாமல் 2015-இல் ரத்தானது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சட்டை தைக்கச் சொன்ன மாதிரி.

இந்திய ராணுவத்தின் சிறப்புப் படையான பாரா எஸ்.எஃப். கையில் டேவோர் வந்த காரணம் அளவெடுத்துப் பார்த்தால் புரியும். நம் ராணுவம் பரவலாக வைத்திருந்த இன்சாஸ் ரைபிளின் மொத்த நீளம் 96 செ.மீ., குழல் 46 செ.மீ. டேவோரின் குழலும் அதே 46 செ.மீ.; மொத்த நீளமோ 72 செ.மீ.தான். மேகசினைக் கைப்பிடிக்குப் பின்னால் தள்ளியதால் கிடைத்த லாபம் இது. ஹெலிகாப்டர் வாசலிலும் குறுகலான மாடிப்படியிலும் அந்த 24 செ.மீ. பெரிய விஷயம். நஷ்டமும் அங்கேயே இருக்கிறது: மேகசினை அக்குளுக்குக் கீழே தடவி மாற்ற வேண்டும், விசைக்கும் இயங்குபகுதிக்கும் நடுவே நீண்ட கம்பி ஓடுவதால் விசை மசமசவென்றிருக்கும். அதனால்தான் அதே படையில் எம்4-ம் உண்டு, காஷ்மீரில் ஏகேயை விடாதவர்களும் உண்டு. சேறு, தூசி, எண்ணெய் போடாத ஒரு வாரம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் என்று அதன்மேல் நம்பிக்கை.

நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை செய்த வித்வன்சக் பெருந்துப்பாக்கியும் இந்த எடைக் கணக்கில்தான் அடிபட்டது. வண்டி, ரேடார் போன்றவற்றைத் தூரத்திலிருந்து உடைப்பதற்கானது, சுமார் 25 கிலோ. கழற்றி இருவர் சுமக்கலாம். ராணுவம் எடை கூடுதல் என்று ஒதுக்கியது. எல்லைப் பாதுகாப்புப் படை வாங்கிக்கொண்டது. இரண்டு முடிவுமே சரிதான். காவல் சாவடியில் உட்கார்ந்து எல்லையைப் பார்ப்பவருக்கு 25 கிலோ ஒரு பிரச்சினையே இல்லை.

அப்புறம், விமானமும் உபகரணம்தான். 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதத் தாக்குதலை எதிர்கொள்ள மும்பைக்குப் போக வேண்டிய என்.எஸ்.ஜி. கமாண்டோ படை, டெல்லிக்கு அருகே மானேசரில் தயாராக இருந்தது. ஏற்றிப் போக வேண்டிய ஐ.எல்-76 விமானம் சண்டிகரில் இருந்தது. ஆட்கள் தாக்குதல் நடந்த இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் காலை ஆகிவிட்டது. 2009-இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் என்.எஸ்.ஜி. மையங்கள் வந்தது இதனால்தான்.

கடலுக்குள் போனால் கணக்கு வேறு. நம் கடற்படையின் மார்கோஸ் போன்ற சிறப்புப் படைகள் கரையை நெருங்கும்போது குமிழி மேலே வரக் கூடாது. அதற்கான ஆக்சிஜன் கருவி, வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தரும். ஆனால் தூய ஆக்சிஜன் ஆறேழு மீட்டர் ஆழத்துக்குக் கீழே உடலுக்கு நஞ்சாகிவிடும். மறைவு வேண்டுமா, ஆழம் வேண்டுமா, ஒன்றைத்தான் கேட்க முடியும். கரையேறியதும் ரைபிளைக் கவிழ்த்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைப்போம். 5.56 குழல் அவ்வளவு குறுகல். ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் மூடினால் ஜூஸ் உள்ளேயே நிற்குமே, அப்படி நிற்கும். போல்ட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காற்றை உள்ளே விட்டால்தான் இறங்கும். அதைச் செய்யாமல் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

இரவுப் பார்வைக் கருவியையும் விட்டுவிடக் கூடாது. சாதாரண இரட்டைக் குழாய்க் கருவி 40 டிகிரி அளவுக்குத்தான் காட்டும். இரண்டு பப்பாளிக் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு படியிறங்குவது போல. நான்கு குழாய்க் கருவி அதை 97 டிகிரி ஆக்குகிறது, விலையும் கழுத்துவலியும் அதற்கேற்ப. இதோடு பூட்டும் அகச்சிவப்பு லேசர் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எதிரியிடமும் நைட் விஷன் இருந்தால், யாருடைய துப்பாக்கியிலிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

ஆக, டேவோரா, எம்4-ஆ, ஏகேயா? ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிக் கட்டடத்துக்குள் போவதென்றால் டேவோர் அல்லது குட்டைக் குழல் எம்4. சைலன்சர், லேசர், குறிபார்வை என்று நிறையப் பூட்டுவதென்றால் எம்4. பத்து நாள் காட்டில் கிடப்பதென்றால் ஏகே. கையில் எது பழகியதோ அதுவே மூன்றிலும் சிறந்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கடைசியாக, 2011 மே 2, பாகிஸ்தானின் அபோட்டாபாத். ஒசாமா பின்லேடனின் வளாகத்தைப் போல ஒரு மாதிரி வளாகத்தை அமெரிக்கர்கள் கட்டிப் பல முறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். மாதிரியில் சுற்றுச்சுவருக்குப் பதில் கம்பிவலை. நிஜச் சுவருக்குள் ஹெலிகாப்டர் இறங்கியபோது கீழே தள்ளிய காற்று வெளியேற வழியில்லாமல் சுழன்று, ஹெலிகாப்டர் தூக்கு விசையை இழந்து விழுந்தது. ரேடாரில் எளிதில் சிக்காத, அதுவரை உலகம் பார்த்திராத ஹெலிகாப்டர். கிளம்பும் முன் அதை வெடிவைத்தார்கள். உடலைத் தளத்துக்குக் கொண்டுவந்த பிறகு, இது அவர்தானா என்று உயரத்தை அளக்க வேண்டியிருந்தது. யாரிடமும் டேப் இல்லை. தளபதி மெக்ரேவன், 6 அடி 2 அங்குல உயரமுள்ள ஒரு வீரரைப் பக்கத்தில் படுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார். இத்தனை கோடி டாலர் ஹெலிகாப்டரை உடைக்க முடிந்த உங்களுக்கு ஒரு டேப் வாங்க முடியவில்லையா என்று ஒபாமா அவரைக் கிண்டல் செய்தார். பிறகு அவருக்குப் பலகையில் பொருத்திய ஒரு அளவு டேப்பைப் பரிசாகவும் கொடுத்தார்.